ராஜா பாட்டு எல்லாருக்கும், ரஹ்மான் பாட்டு வசதியானவங்களுக்கு: நிஜமா?

கேள்வி: மதியசோறு
ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துச் சண்டை இது. சீனியர் ஒருத்தர் சொல்றார்: "இளையராஜா காலத்துல ஏழை, பணக்காரன் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம். 92ல ரோஜா வந்ததும் நல்ல செட்டு வச்சிருக்கவனுக்கு ஒண்ணு, இல்லாதவனுக்கு ஒண்ணுன்னு பாட்டு ரெண்டாப் போச்சு." நான் பிறந்ததே 98ல. எதிர்த்துப் பேச விஷயம் இல்லை. அப்போ பாட்டு கேட்டவங்க சொல்லுங்க. கேசட்டெல்லாம் எல்லார் வீட்லயும் இருந்துச்சா?

மொட்டைமாடி
ராஜா, ரஹ்மான் பேச்சா? பத்தாவது பதில்ல அடிதடி ஆகும். நான் ஓரமா உக்காந்துக்கறேன்.

கோவில்பட்டிக்காரன்
தம்பி, 80கள்ல இருந்தே எங்க ஊர்ல ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல, அதாவது கேட்ட பாட்டைக் கேசட்டுல ஏத்திக் கொடுக்குற கடையில, வேலை பார்த்தவன் நான். ஒரே பாட்டுங்கிறது சரிதான். எதைக் கேக்கணும்னு முடிவு பண்றது மட்டும் எல்லார் கையிலயும் இல்லை.

கடைக்கு வர்றவங்க ஒரு சீட்டோட வருவாங்க. படம், பாட்டு, எதுக்கு அடுத்து எதுன்னு நம்பர் போட்டிருக்கும். அறுபது நிமிஷக் கேசட்டுன்னா பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைசியில ரெண்டு நிமிஷம் மிஞ்சினா ஏதாவது படத்தோட டைட்டில் மியூசிக்கைப் போட்டு அடைப்போம். எல்பி ரெக்கார்டுல இருந்துதான் ஏத்துறது. (ரைட்ஸ் வாங்கினீங்களான்னு யாரும் கேக்காதீங்க. அன்னிக்கு ஊருக்கு ஊர் இதே தொழில்தான்.)

துபாய்ல இருந்து வந்தவர் கவர் பிரிக்காத டிடிகே கேசட்டுகளைக் கட்டாக் கொண்டுவந்து வைப்பார். "கீறல் விழுந்த ரெக்கார்டுல ஏத்திராதீங்க" இது ஒண்ணுதான் அவர் கண்டிஷன். சீட்டுல ஒரு அடித்தல் இருக்காது. பாட்டு பிடிக்கலைன்னா இன்னொரு கேசட்டு, அவ்வளவுதான். மில்லுல வேலை பாக்குறவர் தீபாவளி போனஸ் வாங்கின கையோட வருவார். பழைய கேசட்டு, அதை அழிச்சு மேல ஏத்தணும். அவர் சீட்டைப் பார்த்தாலே வீட்ல நடந்த பஞ்சாயத்து தெரியும், அத்தனை அடித்தல் திருத்தல். பன்னெண்டு பாட்டுக்குள்ள அம்மாவுக்கு சீர்காழி, அப்பாவுக்கு டி.எம்.எஸ்., தம்பிக்கு ரஜினி, தங்கச்சிக்கு மோகன் எல்லாம் அடங்கணுமே.

தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்த பொம்பளைங்க எங்க கடைப்படி மிதிச்சதே இல்லை. அவங்க பாட்டு கேட்டது டீக்கடை ஓரத்துல, பஸ்ஸுல, விசேஷ வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்ல. அங்க என்ன ஓடணும்னு சொல்றவங்க கடைக்காரர், டிரைவர், ரேடியோ செட்டுக்காரர். டீக்கடைக்காரர் ஒருத்தர் மில் ஷிப்டு விடுற நேரத்துக்குன்னே தனியா கேசட்டு வச்சிருந்தார். பூரா வேகமான பாட்டு. சோகப் பாட்டு போட்டா ஒத்தை டீயை வச்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டாங்களாம். காலையில மட்டும் பக்திப் பாட்டு, அது போணிக்கு.

செம்பருத்தி
அண்ணாச்சி, அந்தச் சீட்டு எழுதின கை யாரோடதுன்னும் பாருங்க. எங்க வீட்ல எழுதினது அண்ணன். நான் சொல்ற பாட்டைத் தலையாட்டி எழுதிக்குவான், கடையில போய் மாத்தி ஏத்திட்டு வருவான். பொண்ணுங்க அந்தக் கடைப்பக்கம் போறதே பேச்சாயிடும். எனக்குன்னு ஒரு பாட்டு வேணும்னா இலங்கை வானொலிக்குக் கார்டு போடணும். எங்க ஊர் வேதாரண்யம் பக்கம், கணீர்னு எடுக்கும். பேர் வாசிச்சுட்டாங்கன்னா தெருவுல ஒரு வாரத்துக்கு நான்தான் ராணி.

பழைய வால்வு
இதுக்கு முன்கதை உண்டு. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே மட்டம். சாஸ்திரிய சங்கீதம் போதும் என்று அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய ஒழித்தே விட்டார். ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். அங்கே பினாகா பற்பசையின் பெயரிலேயே இந்திப் பாட்டு நிகழ்ச்சி ஓடியது. டில்லி இறங்கி வந்து சினிமாப் பாட்டும் போடுகிற விவித் பாரதி வானொலிச் சேவையை ஆரம்பித்தது 1957 அக்டோபரில். 1967ல் அதிலும் விளம்பரம் வந்தது. அமைச்சர் தடுத்த பாட்டைப் பற்பசைக் கம்பெனி காப்பாற்றியது என்றால் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடந்தது அதுதான்.

மதியசோறு
இதெல்லாம் எனக்குப் புதுசு. கோவில்பட்டி அண்ணாச்சி, ரோஜா வந்தப்ப கடையில என்ன நடந்துச்சு?

கோவில்பட்டிக்காரன்
செம்பருத்தி அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. அக்கா தங்கச்சி பேரைச் சொல்லிக்கிட்டு வந்து தனக்குப் பிடிச்சதை ஏத்திட்டுப் போன அண்ணன்மாரை நிறையப் பாத்திருக்கேன்.

ரோஜா வந்தப்ப டீக்கடைக்காரர் கேசட்டைத் திருப்பிக் கொண்டாந்துட்டார். "அடிதான் இரையுது, வரி விளங்கல"ன்னு. அவர்கிட்ட இருந்தது ஒத்தைக் குழாய். அதே வாரம் கார் வச்சிருக்க ஒரு டாக்டர், ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக் கேக்குதுன்னு புகழ்ந்துட்டுப் போறார். உங்க சீனியர் இதைத்தான் சொல்றாருன்னு நினைக்கேன். ஆனா அதை ரஹ்மான் தலையில கட்டுறது நியாயமில்லை. ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு கதை சொல்லிட்டுப் போகும். எங்க ஊர் டீக்கடைக் குழாய்ல அது என்னிக்குமே கேட்டதில்லை. கடையில ஹெட்போன் மாட்டி ஏத்துற எனக்குத் தெரியும், வெளிய பெஞ்சுல உக்காந்து கேட்டவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. 92க்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கதைதான்.

அந்த டீக்கடைக்காரர் விஷயத்தையும் சொல்லிடறேன். மறு வருஷம் ஜென்டில்மேன் வந்தப்ப அவரே வந்து ரெண்டு கேசட்டு கேட்டார். ஒண்ணு தேஞ்சுட்டா மாத்திப் போட.