மூன்றாம் வருடத்தில் உடம்பும் நிற்கிறது, மனமும் நிற்கிறது: ஊசி இல்லாமல் தொடர்பவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்?

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எனக்கு வயது 26, உயரம் 168 செ.மீ. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீசியன். 12 மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. சேரும்போது 57 கிலோ. ஒன்றரை வருடத்தில் 66-க்கு வந்துவிட்டேன். அந்த நாட்கள் ரொம்பச் சந்தோஷமானவை. தீபாவளிக்கு எடுத்த சட்டை தைப்பூசத்துக்குத் தோளில் இறுகியது. அம்மா திட்டிக்கொண்டே புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார்.

இப்போது பத்து மாதமாக 67-லேயே நிற்கிறேன். பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடைக் கம்பியான பார்பெல்லை மேலே தள்ளுவது) 75 கிலோவுக்கு ஐந்து ரெப்ஸ், அதாவது ஐந்து தடவை, அதற்கு மேல் ஒரு இம்மி நகரவில்லை. அடுத்த தட்டு 2.5 கிலோ ஏற்றினால் மூன்றோடு நின்றுவிடுகிறது. என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்த நண்பன் எட்டே மாதத்தில் ஆளே மாறிவிட்டான். தசை வளர ஹார்மோன் ஊசி போடுவதாக அவனே சொன்னான். எனக்கும் வாங்கித் தருகிறேன் என்றான்.

நான் போடப் போவதில்லை. அதை முடிவு செய்து விட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய்விட்டது. ஓய்வு நாளில் டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். அங்கே நான்கு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தெரியாத குப்பியிலிருந்து எதையும் உடம்பில் ஏற்றிக்கொள்ள மாட்டான். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு ஜிம் வாசலில் மோட்டாரை நிறுத்தும்போது, உள்ளே போய் என்ன ஆகப் போகிறது என்று தோன்றுகிறது. போன வாரம் இரண்டு தடவை அப்படியே வீட்டுக்குத் திரும்பி விட்டேன்.

இன்னொன்று, புரட்டாசி வரப் போகிறது. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கச் சைவம். போன வருடம் அந்த ஒரு மாதத்தில் 2 கிலோ இறங்கியது. பல வருடமாக இயற்கையாகவே செய்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். இதற்கு மேல் ஏதாவது வளருமா? வளராது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு தினமும் போகிறீர்கள்?

ஆயர் ஈத்தாம் அண்ணன் எழுதியது:

தம்பி, நான் 1999-ல் பத்தொன்பது வயதில் தொடங்கியவன். வயரிங் வேலை செய்கிறேன். மேடை ஏறிக் கட்டழகர் பட்டம் வாங்கியவன் இல்லை, ஆனால் ஒரு ஊசியும் போட்டதில்லை. முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதி வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சதுரக் கட்டம் போட்ட நோட்டு. இப்போது பதினோராவது நோட்டு ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் வருடம் 7 கிலோ ஏறினேன். இரண்டாம் வருடம் 3. மூன்றாம் வருடம் ஒன்றரை. உன் கதையும் ஏறக்குறைய இதுதான், அதனால் நீ எதையும் தப்பாகச் செய்யவில்லை. இப்போது ஒரு கணக்குப் போடு. வருடத்துக்கு ஒன்றரை கிலோ என்றால் ஒரு நாளைக்கு 4 கிராம். தேநீரில் போடுகிற ஒரு தேக்கரண்டிச் சீனி அவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு கரண்டியை நீ தினமும் கண்ணாடியில் தேடுகிறாய். நீ குடிக்கிற தண்ணீரும் குழம்பில் உள்ள உப்பும் மட்டுமே உன் எடையை ஒரே நாளில் ஒரு கிலோ மேலும் கீழும் ஆட்டிவிடும். அதற்குள் 4 கிராம் எங்கே தெரியும்? உடம்பு நிற்கவில்லை, தம்பி. நீ அளக்கிற கோல்தான் அதற்குப் பொருந்தாதது.

எனக்கும் நான்காம் வருடத்தில் இதே நிலைமை வந்தது. ஐந்து மாதம் போகவே இல்லை. திரும்பி வந்ததற்குக் காரணம் தண்ணீர்மலை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுப்பேன். மேலே முருகன் சந்நிதிக்கு 513 படி. அதற்கு முன் பல வாரம் சைவ விரதம் இருப்பதால் தைப்பூசம் முடிந்த அந்த வாரம் என் உடம்பு எல்லா வருடமும் ஒரே நிலைமையில் இருக்கும்: கொழுப்பு கொஞ்சம் கரைந்து, வயிறு ஒட்டி. அந்த வருடம் தற்செயலாக எடுத்த ஒரு படத்தையும் முந்தைய வருடப் படத்தையும் என் அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதுகு அகலமாகி இருந்தது. இத்தனைக்கும் ஐந்து மாதம் விட்டவன் நான்! பன்னிரண்டு மாதம் கண்ணாடியில் தெரியாதது இரண்டு படத்தில் தெரிந்தது.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு படம்தான். தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், காலை ஏழரை மணி, எங்கள் பிளாட் நடைபாதையில் அதே தூண் பக்கத்தில், அதே கறுப்புக் கால்சட்டை. நடுவில் கண்ணாடியைப் பார்த்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

அது வருடத்துக்கு. தினத்துக்கு வேறு ஒன்று வேண்டும், இல்லையென்றால் மோட்டார் வாசலிலேயே திரும்பிவிடும் என்பது எனக்கும் தெரியும். 2.5 கிலோ ஏற்றினால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சின்னதாக்கு. இரும்புக் கடைக்குப் போய்ப் பெரிய வாஷர்கள் வாங்கு. தராசில் நிறுத்து, பக்கத்துக்குக் கால் கிலோ வருகிற மாதிரி கயிற்றில் கோத்து பார்பெல்லின் இரண்டு முனையிலும் மாட்டு. மொத்தம் அரை கிலோ. 75-ல் ஐந்து அடிக்கிறவன் 75.5-லும் அடிப்பான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை கிலோ கூட்டினாலே வருடத்துக்கு 13 கிலோ. அப்படியே நேர்கோட்டில் ஏறாது, பாதிதான் வரும். அந்தப் பாதியே பெரிது. என் ஜிம் பையில் அந்த வாஷர்கள் பதினைந்து வருடமாக இருக்கின்றன, துருப்பிடித்து ஒரு தடவை மாற்றினேன்.

இரவு ஷிப்ட் வாரங்களில் உன்னைப் போட்டு வருத்தாதே. 2011-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 16 வாரம் நன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, சிலருக்கு வேலையை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 32 வாரம் கழித்தும் இருபது, முப்பது வயதுக்காரர்களின் தசை குறையவில்லை. எடையைக் குறைக்கவில்லை, நாட்களையும் செட்டுகளையும் (இடைவெளி விட்டுச் செய்யும் சுற்றுகள்) தான் குறைத்தார்கள். ஆக, இரவு வாரங்களில் இரண்டு நாள் போ, அதே எடை, ஒவ்வொன்றிலும் இரண்டு செட், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடு. பகல் வாரங்களில் ஏற்றப் பார். அப்படி வைத்துக்கொண்டால் வாசலிலிருந்து திரும்பத் தோன்றாது.

நண்பனோடு ஒப்பிடுவது பற்றி. 1996-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை வந்தது. ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து 10 வாரம் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவன் உழைத்தவனை முந்திவிட்டான். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை, பெரிய பாரம் இறங்கியது. அது வேறு கணக்கு, என் கணக்கு வேறு. உன் நண்பனும் உழைக்கிறான்தான், ஆனால் அவன் உடம்பை வைத்து உன் உழைப்பை எடை போட முடியாது.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா எழுதியது:

நான் நர்ஸ். எனக்கும் ஷிப்ட்தான், ஆறு வருடமாக எடை தூக்குகிறேன். அண்ணன் சொன்னதோடு புரட்டாசியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் இறங்கிய அந்த 2 கிலோவுக்குச் சைவம் காரணமில்லை என்று நினைக்கிறேன் தம்பி. கோழியையும் மீனையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டிருப்பீர்கள். சோறு, சாம்பார், பொரியல், அப்பளம். வயிறு நிறையும், புரதம் இருக்காது.

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிதாகப் பலன் இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். 67 கிலோவுக்கு 107 கிராம். நம் ஊரில் சைவத்தில் இதை எட்ட, சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாகச் செய்யும் தெம்பேதான் கை கொடுக்கும். 100 கிராமில் 19 கிராம் புரதம். எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் மஞ்சள், மிளகாய்த் தூள் தடவிக் கொஞ்சம் எண்ணெயில் வாட்டிச் சாப்பிடுங்கள். சோயா உருண்டை காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் கிடைக்கும், அதை அம்மாவிடம் கொடுத்தால் பிரட்டல் மாதிரி செய்து தருவார். தயிர், கெட்டியான பருப்பு, அப்புறம் வே புரோட்டீன் பால்தானே, விரதத்துக்குத் தடையில்லை. எங்கள் வீட்டில் பாட்டிக்கு அந்த டப்பா மேல் சந்தேகம் இருந்தது. பாலைத் திரித்தால் மேலே நிற்கும் தண்ணீரிலிருந்து எடுப்பது என்று விளக்கிய பிறகு அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

சீனர் சைவக் கடையில் விற்கும் போலி இறைச்சியில் கோதுமைப் புரதம் உண்டு, ஆனால் எண்ணெயும் உப்பும் அதிகம். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? நான் நான்கரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கும் எல்லாமே வெறுத்துப் போனது, எடை மட்டுமில்லை. சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன், விடிகாலை மூன்றுக்குப் பிறகு தே தாரிக், காப்பி எதுவும் கிடையாது, தாகத்துக்கு வெந்நீர்தான். ஏழு மணி நேரத் தூக்கம் வந்தது. மூன்று வாரத்தில் ஸ்குவாட்டும் நகர்ந்தது, நானும் வீட்டில் சிடுசிடுக்காமல் இருந்தேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்கு உங்களை மனதார வாழ்த்துகிறேன். ஒரு தடவை உங்கள் சர்க்கரையையும் பரிசோதித்து விடுங்கள். 26 வயதுதானே என்று விட வேண்டாம்.

பட்டர்வொர்த் பையன் எழுதியது:

அந்த மாதிரி ஊசியைப் போட்டவன் நான். ஜிம்மில் தெரிந்த ஒருவரிடம் வாங்கினேன். மலேசியாவில் பதிவான மருந்துகளில் இருக்கும் மால் (MAL) பதிவு எண்ணும் குப்பியில் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. அதைக்கூட நான் பார்க்கவில்லை. 12 வாரத்தில் 8 கிலோ ஏறினேன், கல்யாண வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நிறுத்திய பிறகு நடந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. திரும்பத் தொடங்கப் பல மாதம் ஆனது. அந்த மாதங்களில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி விளக்கிய அன்றுதான் புரிந்தது. ஏறிய 8 கிலோவில் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது ஊசி இல்லாமல் ஒன்றரை வருடமாகச் செய்கிறேன், உங்களைவிடக் குறைவாகத்தான் தூக்குகிறேன். நீங்கள் ஆர்வம் போய்விட்டது என்கிறீர்கள் அண்ணே. நான் அதை மருந்தால் இழந்து பார்த்தவன். உங்களுடையது தூக்கத்தாலும் சாப்பாட்டாலும் திரும்பி வரக்கூடியது. நண்பரிடம் சண்டை போடாதீர்கள், இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கூட்டிப் போங்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: ஐந்து மணி நேரம், சில நாள் நான்கு. அதில் இவ்வளவு இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. சன்னலுக்குத் துணி நேற்றே அடித்துவிட்டேன்.

இன்று ஓய்வு நாள். அப்பாவை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு, பக்கத்து இரும்புக் கடையில் வாஷர் வாங்கினேன். கடைக்காரர் எந்த மெஷினுக்கு என்று கேட்டார், எனக்கு என்று சொன்னேன். சாயங்காலம் 75.5-ல் ஐந்து ரெப்ஸ் வந்தது. ஐந்தாவது கனமாகத்தான் இருந்தது, ஆனால் வந்தது. பட்டர்வொர்த் நண்பரே, நீங்கள் எழுதியதை என் நண்பனுக்கு அனுப்பினேன். பதில் எழுதவில்லை, ஆனால் படித்துவிட்டான்.

அண்ணன், ஒரு சந்தேகம். தைப்பூசம் வரைக்கும் படத்துக்குக் காத்திருக்க வேண்டுமா? இல்லை, புரட்டாசி தொடங்கும் முன் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆயர் ஈத்தாம் அண்ணன் எழுதியது:

தைப்பூசத்துக்கே எடு தம்பி. புரட்டாசிக்கு முன்னால் எடுத்தால் புரட்டாசி முடிந்ததும் இன்னொன்று எடுக்கத் தோன்றும், பிறகு வாராவாரம் எடுப்பாய். அதுவரை நோட்டில் எண்ணை மட்டும் எழுது. தூக்க நேரத்துக்கும் ஒரு பத்தி போடு, நானும் அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு இன்றுதான் போட்டேன்.

கடை வாஷர்கள் எல்லாம் ஒரே எடை இருக்காது, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு யூத் பார்க் வாசலில் இருப்பேன். கொண்டு வா, என் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கோத்துத் தருகிறேன்.