அரை மில்லிமீட்டர் அலகு

தம்பி: பெரியப்பா, தீவுப் பறவைகள் உணவுக்கேற்பத் தம் அலகை மாற்றிக்கொள்கின்றன என்று பாடநூலில் இருக்கிறது. ஒரு குருவி தன் அலகை எப்படி மாற்றிக்கொள்ள முடியும்?

பெரியப்பா: எந்தக் குருவியாலும் முடியாது, தம்பி. சுருக்கிச் சொல்லப் போய்ப் பொருள் பிசகிவிட்டது. ஒரே இனத்தில் சிலவற்றுக்கு அலகு தடித்தும் சிலவற்றுக்கு மெலிந்தும் இருக்கும். அவற்றில் எவை பிழைத்துக் குஞ்சு பொரிக்கும் என்பதைத்தான் தீவின் மழையும் விதைகளும் தீர்மானிக்கின்றன.

அத்தை: இதை யாரேனும் கண்ணால் கண்டிருக்கிறார்களா, அண்ணா? பல இலட்சம் ஆண்டுகள் ஆகும் என்றுதானே நாம் படித்தோம்.

பெரியப்பா: கண்டிருக்கிறார்கள். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் உயிரியலாளர் தம்பதியர் 1973 முதல் பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் தரைக்குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து, ஒவ்வொன்றின் வாழ்வையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்தபின் மிஞ்சியவற்றில் முக்கியமானவை, நம் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் கடினமான முட்காய்கள். நடுத்தரத் தரைக்குருவி என்னும் இனத்தில், அவற்றை உடைக்க இயலாதவை பெருமளவில் மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. அலகின் அளவு பெற்றோர் வழியாக இறங்குவதால், அடுத்த தலைமுறையும் தடித்த அலகோடு வளர்ந்தது. நகத்தின் கனம்தான், ஆனால் வாழ்வும் சாவும் அதற்குள் அடங்கிவிட்டன.

நான்: அதற்காகத் தடித்த அலகே உயர்ந்தது என்று எழுதிவிடாதே, தம்பி. 1980களின் தொடக்கத்தில் பெரிய தரைக்குருவி என்னும் வேறோர் இனம் அங்கே குடியேறியது. மீண்டும் 2003இல் தொடங்கி வறட்சி வந்தபோது, முட்காய்களை அந்தப் பெரிய குருவிகளே தின்று தீர்த்தன. ஆகவே நடுத்தரத் தரைக்குருவிகளில் இம்முறை சிறிய அலகு கொண்டவையே கூடுதலாகத் தப்பின.

அத்தை: அதே தீவு, அதே வறட்சி, விளைவு மட்டும் நேர்மாறா! சரி, பறக்கவே மறந்த பறவைகளின் கதையும் இதுதானா?

பெரியப்பா: "மறந்த" என்பதும் தம்பியின் பாடநூல் செய்தது போன்ற பிழைதான், அம்மா. பறப்பதற்கான மார்புத் தசையை வளர்க்கவும் பேணவும் மிகுந்த ஆற்றல் செலவாகும். பறவைகளை வேட்டையாடும் விலங்கு இல்லாத தீவில், அந்தச் செலவைக் குறைத்துக் கால்களில் வலுவோடு பிறந்தவையே தலைமுறை தலைமுறையாகப் பெருகின. இந்தியப் பெருங்கடலில் உள்ள சிசெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா பவளத்தீவில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்த கானாங்கோழிகள் அங்கே பறக்கும் திறனை இழந்தன. சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் கடல் உயர்ந்து தீவை மூழ்கடித்தபோது அவை அழிந்தன. நீர் வடிந்தபின் அதே வகைக் கானாங்கோழிகள் மீண்டும் பறந்து வந்து, மீண்டும் பறக்காதவையாயின என்பதைப் புதைபடிவ எலும்புகள் காட்டுகின்றன.

தம்பி: அந்தக் கானாங்கோழி இப்போதும் இருக்கிறதா, பெரியப்பா?

பெரியப்பா: இருக்கிறது. மொரீஷியஸ் தீவின் பறக்காத பறவையான டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. இது இன்றும் அல்டாப்ராவின் புதர்களுக்கிடையே நடந்து திரிகிறது.