மழை கம்மி, மண்ணும் மோசம், அப்புறம் கேப்ல மட்டும் எப்படி 9,000 வகை செடி?

மண்புழு:
ரொம்ப நாளா மண்டைய குடையற கேள்வி இது. ஈரமும் வெயிலும் தாராளமா இருக்கற எடத்துலதான் செடி வகை பெருகும்னு படிச்சிருக்கோம், சரி, அமேசான் புரியுது. ஆனா தென்னாப்பிரிக்காவோட தென்மேற்கு மூலைல இருக்கற கேப் பகுதி சுமார் 90,000 சதுர கிமீதான், சத்தே இல்லாத மணல், கோடைல காஞ்சுபோய் தீ வேற புடிக்கும், பெரிய மரமும் அதிகம் கிடையாது, பெரும்பாலும் புதர்தான். அங்க போய் 9,000 வகை, அதுல மூணுல ரெண்டு பங்கு ஒலகத்துல வேற எங்கயும் இல்லையாம். எரிக்கான்னு ஒரே ஒரு ஜீனஸ்ல (நெருங்கின சொந்தக்கார வகைகளோட கூட்டம்) மட்டும் 600க்கு மேல ஸ்பீசிஸ், அதாவது தனித்தனி வகை. மண்ணு மோசம்னா கம்மியாத்தான இருக்கணும்?

வேர்முண்டு:
மண்ணு மோசமா இருக்கறதுதான் காரணத்துல பாதி. சத்துள்ள மண்ணுல வேகமா வளர்ற நாலஞ்சு செடி மத்ததை அமுக்கிட்டு மொத்த எடத்தையும் புடிச்சுக்கும், இங்க எவனாலயும் அப்படி கொழுக்க முடியாது. அதோட ஒரே மாதிரி மண்ணும் இல்ல, மலைல மணற்கல்லு, அடிவாரத்துல களிமண்ணு, கடலோரம் சுண்ணாம்பு, கொஞ்ச தூரம் நடந்தாலே மாறிடும், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு செடி பழகிக்கும். தீ பத்து இருபது வருஷத்துக்கு ஒருதடவை வந்து பழசை எல்லாம் தொடைச்சுட்டு விதைக்கு எடம் விடும்.

இன்னொண்ணு எறும்பு. இங்க நெறைய செடியோட விதைல எறும்புக்குன்னே ஒரு கொழுப்புத் துண்டு ஒட்டிட்டிருக்கும், எறும்பு அதுக்காக விதைய புத்துக்குள்ள இழுத்துட்டுப் போய் கொழுப்பை மட்டும் தின்னுட்டு விதைய விட்டுடும். தீல இருந்து தப்பிச்சாச்சு, ஆனா போன தூரம் சில மீட்டர்தான். அப்போ பக்கத்து மலைல இருக்கற அதே செடியோட ஜீன் கலக்கறது அபூர்வம், பல ஆயிரம் வருஷம் இப்படியே போனா ரெண்டும் வேற வேற ஆகிடும்.

பாறைப்பாசி:
மேல சொன்னது சரிதான், ஆனா எல்லாரும் புது ஸ்பீசிஸ் எப்படி பொறக்குதுன்னே பாக்கறீங்க, எத்தனை அழியாம தங்குச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. வடக்கு ஐரோப்பாவை பனியுகம் திரும்பத் திரும்ப வழிச்சு எடுத்துட்டுப் போச்சு, கேப்புக்கு அந்த அடி விழல. கேப்புக்குள்ளயே மேற்குப் பக்கம், குளிர்காலத்துல மழை தவறாம வர்ற எடத்துலதான் கிழக்கை விட வகை அதிகம். என்னைக் கேட்டா கேப்போட கணக்குல பாதிக்கு மேல இந்த அழியாம சேந்ததுதான்.

புது ஸ்பீசிஸ் பொறக்கற வேகம் பாக்கணும்னா தென்னமெரிக்காவோட ஆண்டீஸ் மலைப் பக்கம் போங்க. அங்க லூபினஸ்னு ஒரு செடி ஜீனஸ்ல 80 ஸ்பீசிஸ் பக்கம் சுமார் 15 லட்சம் வருஷத்துல உருவாயிருக்கு, பரிணாமக் கணக்குல அது ஒண்ணுமே இல்லாத நேரம். மலை ஒசந்து குளிர் புல்வெளி புதுசா வந்துச்சு, ஆளே இல்லாத எடம், உள்ள பூந்தது எல்லாம் கெளை விட்டுருச்சு. பனியுகத்துல அந்தப் புல்வெளி கீழ எறங்கி ஒண்ணா சேர்றதும், சூடானா மேல ஏறி தனித்தனி தீவா பிரியறதுமா மாறி மாறி நடந்திருக்கு. கேப்பும் ஆண்டீசும் ரெண்டுமே நெறைய வகைதான், வந்த வழி வேற. இதுக்கெல்லாம் ஒரே தியரி போதும்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

தும்பிக்கண்:
பூவை விட்டுட்டீங்களே! கேப்ல ஒரு ஈ இருக்கு, உடம்பு குட்டி, உறிஞ்சுகுழல் மட்டும் உடம்பை விட பல மடங்கு நீளம், பறக்கும்போது காலுக்கு நடுவுல பின்னாடி தொங்கிட்டே வரும். லபேரூசியா அன்செப்ஸ்னு ஒரு செடி அதை நம்பித்தான் இருக்கு. ஈயோட குழல் நீளமா இருக்கற ஊர்ல பூவோட குழாயும் நீளம், குட்டையா இருக்கற ஊர்ல பூவும் குட்டை. எரிக்காவும் அப்படித்தான், தேன்சிட்டு வர்ற வகைல பூ நீளக் குழாயா இருக்கும், தேனீ வர்றதுல குட்டி ஜாடி மாதிரி. ஆளு மாறினா மகரந்தம் கலக்காது, அதுவும் ஒரு வேலிதான்.

கணக்குப்பிள்ளை:
சின்ன விஷயம், இந்த மாதிரி எடத்தை எல்லாம் ஹாட்ஸ்பாட்னு சொல்றோம்ல, அதுக்கு 2000ல நார்மன் மயர்ஸ் குழு வச்ச அளவுகோல் ரெண்டு: வேற எங்கயும் இல்லாத 1,500 செடி வகையாவது இருக்கணும், பழைய இயற்கைப் பரப்புல 70 சதவீதமாவது போயிருக்கணும். அதனாலதான் அமேசான் காடு அந்த லிஸ்ட்லயே இல்ல. அந்த லிஸ்டை வச்சு எங்க பரிணாமம் வேகம்னு முடிவு பண்ணாதீங்க.

மண்புழு:
எல்லாருக்கும் நன்றி, எறும்பு மேட்டர் செம. ஒரே ஒரு டவுட்டு, 15 லட்சம் வருஷம்னு எப்படி சொல்றாங்க, அந்தச் செடிக்கெல்லாம் ஃபாசில் கிடைச்சிருக்கா?

பாறைப்பாசி:
பெரும்பாலும் அந்தச் செடிக்கே கிடைக்காது. சொந்தக்காரச் செடியோட டிஎன்ஏல எவ்வளவு வித்தியாசம்னு எண்ணி, வயசு தெரிஞ்ச ஏதோ ஒரு ஃபாசிலை அந்தக் குடும்ப மரத்துல ஆணி மாதிரி அடிச்சு, அதை வச்சு மத்த கெளைக்கெல்லாம் வயசு போடறாங்க. எந்த ஃபாசிலை எடுத்தாங்கங்கறதைப் பொறுத்து விடை நல்லாவே மாறும், அதனால எந்தப் பேப்பர் படிச்சாலும் அந்த நம்பருக்குப் பக்கத்துல போட்டிருக்கற ரேஞ்சையும் சேர்த்துப் பாருங்க.