பழைய பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன்:
தர்மபுரி–சேலம் ரோட்டில் தொப்பூர் மலை இறக்கத்தில் இன்றைக்கும் என் வலது கால் தானாக இறுகுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். 2014 மாடல் பிக்கப், புரோக்கர் மூலம் வாங்கியது. புதுப் பெயிண்ட், புது சீட் கவர் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிய பதினோராம் நாள், விடியற்காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போகிறேன். பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் ஆரம்பித்தாயிற்று, மூன்றாவது கியர், முன்னால் ஒரு டேங்கர் லாரி. இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக நிற்கிறது. காற்று போகிற மாதிரி உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான் எழுந்து டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். இரண்டு காலாலும் மிதித்து, இரண்டாவது கியருக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, டேங்கரின் பின்னால் எழுதியிருந்ததைப் படிக்கிற தூரத்தில்தான் வேகம் அடங்கியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன்வரிசை கிரேட்கள் நசுங்கி, தக்காளிச் சாறு ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரேக் மிதியை லேசாக்குவது பூஸ்டர்; அதிலிருந்து காற்றை உறிஞ்சுகிற வேக்கம் ஹோஸ் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டி, அதன் மேலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தெரிந்தே அடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஓசூர் ரோஜாத் தோட்டம்:
எனக்கு மறக்காதது ஒரு சத்தம். பூ ஏற்றத்தான் வாங்கினேன், பூவுக்கு என்ன பெரிய எடை? எட்டு மாதம் கழித்து எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, தயார் செய்ய விட்டேன். வயதான வெல்டர் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் அடிச்சட்டமான சேஸைத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங் என்று வந்த சத்தம் கேபினுக்குப் பின்னால் டொக் என்றது. திரும்பத் தட்டினார், டொக். அந்த இடத்தைச் சுரண்டியதும் தகடு வைத்துப் பற்றவைத்த கோடு தெரிந்தது, ஒரு சாண் நீளம். “கிரானைட் லோடு அடிச்ச வண்டி சார் இது” என்றார். அதிக எடை தாங்கப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோடு கூடுதலாக இரண்டு பட்டை செருகியிருந்தார்கள். வாங்கும்போது அதைப் பலம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

காரிமங்கலம் ஓனர் கம் டிரைவர்:
பாலக்கோட்டு நண்பரே, கோபப்பட வேண்டாம். ஹோஸ் ஒரு காரணம், சரி. ஆனால் லோடோடு தொப்பூரை மூன்றாவது கியரில் இறங்கியது உங்கள் தப்பு. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர்களையும் தினம் பார்க்கிறேன். இன்ஜின் நின்றுபோனால் வேக்கம் சேராது, இரண்டு மூன்று மிதியில் பெடல் கட்டையாகிவிடும்.

என் கதை சின்னது. கர்நாடகா வண்டி, ஹெச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கிற ஃபைனான்ஸ் கடன் பதிவை, கழிக்காமலே தலையில் கட்டிவிட்டார்கள், நான்கு மாதம் அலைந்தேன். அதனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கிறதா பாருங்கள். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35 வேண்டும். பெயர் மாற்ற 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள். வெளிமாநில வண்டி என்றால் பழைய ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணையில்லைச் சான்றான என்.ஓ.சி., படிவம் 28. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என். நம்பருக்கு மாற்றியே ஆக வேண்டும். சேஸ் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருடா வருடம். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். கடைசியாக, காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். பத்து மூட்டையாவது ஏற்றி ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
அண்ணா, நான் நியூட்ரலில் வரவில்லை. மூன்றாவதில் வந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோஸ் சரியாக இருந்திருந்தால் அன்றைக்கு வண்டி நின்றிருக்கும். அந்த டியூபைச் சுற்றியவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பர்கூர் மாந்தோப்பு:
எனக்கு வண்டியில் ஒரு குறையும் இல்லை, இடது கதவைத் தவிர. அதைக் கொஞ்சம் மேலே தூக்கி, உள்ளே ஒரு தள்ளு தள்ளி இழுத்தால்தான் திறக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் பழகவே ஒரு மாதம் ஆனது. போன வருடம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாங்காய் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் இடது கதவில் கை வைத்தார். தூக்கினார், தள்ளினார், இழுத்தார், ஒரே தடவையில் திறந்துகொண்டது. கையைப் பார்க்கக்கூட இல்லை.

“போர் காஞ்சு போச்சுப்பா, அதான் குடுத்தோம்” என்றார். “ஒரு நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?”

வெயில், கூலியாட்கள் காத்திருக்கிறார்கள், பின்னால் இன்னொரு வண்டி ஹாரன் அடிக்கிறது. “அப்புறம் பாக்கலாம் தாத்தா” என்று சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இரண்டு பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. அதற்கப்புறம் நான்கு ஞாயிறு போனேன். எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

ஓசூர் ரோஜாத் தோட்டம்:
வண்டியின் பழைய பேப்பர்களில் ஓனர் விலாசம் இருக்குமே தம்பி?

பர்கூர் மாந்தோப்பு:
பார்த்தேன் அண்ணா. எனக்கு முன்னால் இரண்டு கை மாறியிருக்கிறது. முதல் ஓனர் விலாசம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். இந்த வாரம் அந்தப் பக்கம் லோடு இருக்கிறது.