பெரிய வீட்டுக் குழு: செந்திலோட கே-1 (அமெரிக்காவுல பார்ட்னர்ஷிப் லாப நஷ்டத்துல ஒவ்வொரு பார்ட்னரோட பங்கையும் காட்டுற வரிப் படிவம்)

செந்தில் (டல்லாஸ்): மாலதிக்கா, ரெஸ்டாரன்ட் கே-1 வந்துடுச்சு. என் பங்கு நஷ்டம் 60,000 டாலர். சம்பளத்துல அப்படியே கழிச்சிடலாம்ல? ரீஃபண்ட் வந்தா கார் மாத்தணும் 😄

மாலதி (எடிசன்): கார் இருக்கட்டும். நீ எவ்வளவு போட்ட?

செந்தில்: 40,000. போன வருஷம்தானே ஆரம்பிச்சோம்

மாலதி: எடுத்தது?

செந்தில்: தீபாவளிக்கு 5,000

மாலதி: அப்போ உன் பேசிஸ், அதாவது வரிக் கணக்குப்படி அதுல உனக்கு இருக்கிற முதலீடு, 35,000. எடுத்ததைக் கழிச்ச பிறகுதான் நஷ்டத்துக்கு இடம். மிச்சம் 25,000 இந்த வருஷம் கழிக்க முடியாம தொங்கும்

சித்தப்பா (சிவகாசி): எங்க ஃபர்ம் நஷ்டத்துல ஓடினப்போ என் கணக்குல ஒரு பைசா கழிக்க விடலையேம்மா

மாலதி: ஆமா சித்தப்பா, அங்க வரியும் ஃபர்ம் கட்டும், நஷ்டத்தையும் ஃபர்மே சுமக்கும். லாபத்துல உங்க பங்குக்கு உங்க கையில வரி கிடையாது. இங்க ஃபர்ம் வருமான வரியே கட்டாது. லாபமோ நஷ்டமோ நேரா பார்ட்னர் தலையில

செந்தில்: தொங்குறது போச்சா?

மாலதி: போகாது. பின்னாடி லாபம் வந்தாலோ, நீ இன்னும் பணம் போட்டாலோ கழிச்சுக்கலாம். இத்தனை வருஷத்துக்குள்ளன்னு கெடு இல்ல. பேங்க் கடன் ஏதும் இருக்கா?

செந்தில்: 30,000. நானும் பார்ட்னரும் சொந்த ஜாமீன் போட்டிருக்கோம், பாதிக்குப் பாதி

மாலதி: இதை முதல்லயே சொல்லக்கூடாதா! 15,000 உன் பேசிஸ்ல ஏறும். இப்போ 50,000 வரைக்கும் இடம் இருக்கு, 10,000தான் தொங்கும். கே-1ல கேபிடல் கணக்கைப் பாத்துக் குழம்பாதே, அதுல கடன் சேராது

செந்தில்: மைனஸ் 25,000னு பாத்துட்டு நேத்து தூக்கமே இல்லக்கா

மாலதி: இரு, இன்னும் முடியல. நீ அங்க வேலை செய்யறியா? சும்மா பணம் போட்டவன்னா அது பேசிவ் நஷ்டம், சம்பளத்துல கழிக்க விடமாட்டான். வருஷத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல உழைச்சிருந்தா பிரச்சனையில்ல

செந்தில்: சனிக்கிழமை கல்லால உக்காருவேன்...

கவிதா: உக்காந்து போன் பாப்பாரு. சமையற்கட்டுல தினம் ஆறு மணி நேரம் நிக்கறது நான்

மாலதி: தப்பிச்சான்! பொண்டாட்டி உழைச்ச நேரத்தையும் அவன் கணக்குல சேத்துக்கலாம். எழுதி வச்சிருக்கியா கவிதா?

கவிதா: காய்கறி நோட்டுலயே தேதி, வந்த நேரம், போன நேரம் எல்லாம் இருக்கு அண்ணி

மாலதி: அதைப் பத்திரமா வை. கே-1ஐ விட அதுதான் முக்கியம்

சித்தப்பா: அப்போ கார் கவிதா பேர்ல