கச்சான் காத்துக்குள்ள சலாட் இலை வளர்த்த அனுபவம், உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

வணக்கம். நான் திருகோணமலை, சாம்பல்தீவுப் பக்கம். மண் இல்லாமப் பயிர் செய்யிறதைப் பற்றிக் கன பேர் கேக்கிறியள், வீடியோ பாத்திட்டு பைப் வாங்கப் போறன் எண்டும் சொல்றியள், அதுக்கு முதல் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ, ஏனெண்டா அந்த வீடியோக்கள் கனக்க குளிர் இடத்தில எடுத்தது, இஞ்ச ஜூன் மாசம் கச்சான் எண்ட சூடான தென்மேல் காத்து அடிக்கேக்க பொலித்தீன் கூடாரத்துக்குள்ள அஞ்சு நிமிசம் நிண்டு பாத்தாத்தான் விசயம் விளங்கும்.

2021 தொடக்கத்தில 20க்கு 40 அடி கூடாரம் ஒண்டு போட்டன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குச் சலாட் இலை குடுக்கிற எண்ணம். பிவிசி பைப்பில ஓட்டை போட்டுக் கண்டு வைச்சு, தாங்கியில இருந்து மோட்டரால ஏத்தின உரத் தண்ணி அதுக்குள்ளால மெல்லிசா ஓடுற முறை. மார்ச் வரைக்கும் இலை வடிவா வந்தது. ஜூன்ல ஒரு நாள் பின்னேரம் போய்ப் பாத்தா மோட்டர் ஓடுது, தண்ணியும் ஓடுது, ஆனா கண்டு எல்லாம் தண்ணியே காணாத மாதிரி வாடிக் கிடக்கு. ஒண்டைத் தூக்கிப் பாத்தன். வெள்ளையா இருக்க வேண்டிய வேர் தேத்தண்ணிச் சாயத்தில மண்ணிறம், விரலால இழுக்க மேல்தோல் கழண்டு கையோட வருது, உள்ளுக்க நூல் மாதிரி ஒண்டுதான் மிச்சம், சேத்து மணம். தண்ணிக்குள்ள வெப்பமானியை வைச்சன், 34 பாகை.

பிறகு படிச்சுத்தான் விளங்கினது. 20 பாகைத் தண்ணியில லீட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரைஞ்சு நிக்கும், 30க்குப் போனா ஏழரைதான். சூட்டில வேருக்கு மூச்சு கூடத் தேவை, தண்ணியில இருக்கிறதோ குறைவு, அந்த நேரம் பார்த்து பித்தியம் எண்ட வேர் அழுகல் கிருமி வந்து பிடிக்கும். பைப்புக்குள்ள ஓடுறது விரல் தடிப்புத் தண்ணிகூட இல்லை, அது சூடாக எவ்வளவு நேரம் வேணும்? நான் இலைக்கு நிழல் குடுக்கிறதைப் பற்றியே யோசிச்சன், வேரை நினைக்கவே இல்லை.

பக்கத்துக் காணிப் பெரியப்பா, வாழ்நாள் முழுக்க வெங்காயம் செய்த மனிசன், வந்து பைப்பில கையை வைச்சுப் பாத்திட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "உந்தத் தாங்கியை ஏன் தம்பி வெயிலுக்க வைச்சிருக்கிறாய், மண்ணுக்க இறக்கன்." எங்கட மணல் தோண்ட லேசு. நாலடிக்கு இறக்கி, மேல கிடுகால கூரை போட்டன். அடுத்த நாள் மத்தியானம் அளந்தா 29. கூடாரத்தின்ர பக்கப் பொலித்தீனைக் கழட்டிப் பூச்சி வலை அடிச்சு, முகட்டில சூடு வெளியேற இடைவெளி விட்டு, மேல பாதி வெளிச்சம் மறைக்கிற ஷேட் நெட் போட்டன். உண்மையைச் சொன்னா எங்கட ஊருக்குக் கண்ணாடி மாதிரி மூடின கூடாரம் தேவையே இல்லை, மாரி மழைக்கு ஒரு கூரையும் பூச்சிக்கு ஒரு வலையும் காணும்.

அதோட பாதிப் பைப்பை எடுத்திட்டு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு மாறினன். மீன் சந்தையில பழைய பெட்டி கிடைக்கும், நல்லாக் கழுவி, கறுப்புப் பொலித்தீன் விரிச்சு, அல்பேர்ட்ஸ் எண்ட உரத் தூளைக் கரைச்ச தண்ணி ஊத்தி, மூடியில ஓட்டை போட்டுக் கண்டு வைக்கிறது. மோட்டர் தேவையில்லை. ஒரு விசயம் முக்கியம், தண்ணி குறையக் குறைய திரும்ப விளிம்பு வரைக்கும் நிரப்பக் கூடாது. மூடிக்கும் தண்ணிக்கும் இடையில வாற வெளியில வேர் பஞ்சு மாதிரி நிக்கும், காத்து எடுக்கிறது அந்த வேர்தான். நான் இரக்கப்பட்டு ரெண்டு பெட்டியை நிரப்பிவிட்டன், மூண்டு நாளில அந்த ரெண்டும் மஞ்சளாப் போச்சு.

2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும்தானே. பைப்பில நிண்டது ஒரு மத்தியானத்துக்குள்ள கருகிப் போச்சு. பெட்டியில நிண்டது அப்பிடியே நிண்டது.

இனி உப்பு. என்ர கிணத்துத் தண்ணி உரம் ஒண்டும் போடாமலே, கரைஞ்ச உப்பை அளக்கிற ஈசி மீட்டரில 1.4 காட்டுது. சலாட்டுக்கு மொத்தமே 1.2 இல இருந்து 1.8க்குள்ள நிக்கவேணும் எண்டா உரம் போட எங்க இடம்? உப்பும் சேந்து இலை ஓரம் கருகும். கடல் ஓரக் காணிக்காரர் எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை இருக்கு. அதால மாரியில வீட்டுக் கூரைக்குப் பீலி அடிச்சுத் தாங்கியில பிடிக்கிறன். ஒரு சதுர மீற்றரில ஒரு மில்லிமீற்றர் மழை எண்டா ஒரு லீட்டர், 60 சதுர மீற்றர் கூரைக்கு 100 மில்லிமீற்றர் பெஞ்சா 6000 லீட்டர், சிந்துறது போகவும் நல்ல கணக்கு. அதைக் கிணத்துத் தண்ணியோட பாதிக்குப் பாதி கலக்கிறன்.

ஹோட்டலுக்கு ஆக்கள் வாறது மேயில இருந்து செப்டெம்பர் வரைக்கும், சலாட் இலைக்குப் பிடிக்காத காலமும் அதுதான், சூட்டில தண்டு நீண்டு இலை கசக்கும். அந்த மாசங்களில 30 நாளிலயே சின்ன இலையா வெட்டிக் குடுக்கிறன், மிச்ச இடம் எல்லாம் கங்குன் கீரை. கங்குனுக்கு எங்கட வெயில் ஒரு பொருட்டே இல்லை.

மற்றாக்கள் எப்பிடி?

*

அண்ணா, நான் கிண்ணியா. 2021ல ரசாயன உரம் இறக்குமதியை நிப்பாட்டின நேரம் அல்பேர்ட்ஸ் தூள் தேடி அலைஞ்சு களைச்சுப் போய்த்தான் மீன் பக்கம் வந்தன். 1000 லீட்டர் தாங்கியில திலாப்பியா, அந்தத் தண்ணி சரளைக் கல்லுப் போட்ட பாத்திக்குப் போய்த் திரும்ப வாறது. செய்த பெரிய பிழை, முதல் நாளே குஞ்சு எல்லாத்தையும் விட்டது. மீன் கழிவு அமோனியா, அதை பக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கினாத்தான் செடி நல்லா எடுக்கும், அந்த பக்டீரியா கல்லில குடியேற நாலு ஆறு கிழமை வேணும். எனக்கு அது தெரியாது. ஒன்பதாம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பாக்கேக்க எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, பின்னேரத்துக்குள்ள பாதி போச்சு. பாக்க ஏலாமப் போச்சு அண்ணா. தண்ணி காரத்தன்மையாவும் சூடாவும் இருந்தா அமோனியா இன்னும் கூட நஞ்சு.

இப்ப 1000 லீட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல விடுறதில்லை. இலைப் பாத்தி சதுர மீற்றருக்கு நாளுக்கு 40, 50 கிராம் தீன். குழாய்த் தண்ணி ஊத்துறதெண்டா குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைக்கிறன். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டா அது இரும்புக் குறை, மீன் தீனில அது காணாது, செடி எடுக்கக்கூடியதாக் கரைஞ்சு நிக்கிற கீலேட் இரும்பு கொஞ்சம் போடவேணும். பூச்சிக்கு மருந்து எதுவும் அடிக்க ஏலாது, வேப்பெண்ணெயும் மீனுக்குக் கூடாது, வலைதான். கரண்ட் போனா காத்து மோட்டருக்கு மோட்டபைக் பட்டரி ஒண்டு பக்கத்தில எப்பவும் நிக்கும்.

*

பாலையூற்றில இருந்து எழுதுறன். எனக்குக் கூடாரம் இல்லை, மாடியில அஞ்சு ரெஜிபோம் பெட்டிதான், பேச்சாய்க் கீரையும் மல்லியும். ஒருத்தரும் சொல்லாத விசயம் நுளம்பு. டெங்கு பாக்க வந்த பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) ஐயா கண்டு நிக்கிற ஒரு கப்பைத் தூக்கி டோர்ச் அடிச்சுக் காட்டினார், உள்ளுக்க குடம்பி நெளியுது. பெட்டியைக் கழுவித் திரும்ப வைக்கச் சொன்னார். எனக்கு ஒரு கிழமை நித்திரை இல்லை, வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளையள். இப்ப கப்பைச் சுத்தித் தும்புத்தூளை இறுக்கி அடைச்சு, மூடி விளிம்புக்கு டேப் ஒட்டி, கண்டு வைக்காத ஓட்டை ஒண்டும் விடுறதில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு மூடியைத் தூக்கிப் பாப்பன்.

*

தங்கச்சி, நல்ல காலம் எழுதினீங்கள், நான் இண்டைக்கே எல்லா மூடியும் பாக்கிறன். தும்புத்தூள் பாவிக்கிறாக்கள் அதை மூண்டு நாலு தரம் மழைத் தண்ணியில அலசுங்கோ, தும்பிலயும் உப்பு இருக்கும், பிழிஞ்ச தண்ணியில மீட்டரை வைச்சு 0.5க்குக் கீழ வந்தாப் பிறகுதான் கண்டு வைக்கிறது. கிண்ணியாத் தம்பி, இந்த மாரி முடிய உங்கட பாத்தியை வந்து பாக்க ஆசை, மீன் தண்ணியில கங்குன் எப்பிடி நிக்குது எண்டு ஒருக்கா கையால தொட்டுப் பாக்கவேணும். வரேக்க கங்குன் விதை கொண்டு வாறன்.