எழுதச் சிரமப்படும் மாணவிக்கு டேப்லெட் செயலி: ஆலோசனை வேண்டும்

வணக்கம். என் வகுப்பில் டிஸ்கிராஃபியா (கையால் எழுதுவதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள ஒரு மாணவி இருக்கிறாள். கேள்வி கேட்டால் அழகாகப் பதில் சொல்வாள். பென்சிலைப் பிடித்தால் இரண்டு வரிக்குள் கை சோர்ந்து எழுத்து சிதறிவிடும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் வராமலே போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது டேப்லெட்டில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் குரல் தட்டச்சைப் (பேசினால் எழுத்தாக்கும் வசதி) பயன்படுத்துகிறோம். கட்டுரைக்கு நல்ல உதவி. ஆனால் வகுப்பு இரைச்சலில் சொற்கள் மாறிவிடுகின்றன. பயிற்சித்தாளைப் படமெடுத்து அதன்மேலேயே தட்டச்சு செய்ய ஸ்னாப்டைப் என்ற செயலி இருக்கிறதே, அதில் யாராவது தமிழில் வேலை செய்திருக்கிறீர்களா?

அப்புறம் கணக்கு. எண்களை நேராக அடுக்கிப் படிப்படியாக எழுத எந்தச் செயலி ஒத்துவரும்? சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். இணையம் இல்லாமலும் இயங்கினால் மிகவும் நல்லது.